இருவரும் ஒருவரா?

கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படம் எனக்குப் பிடிக்காது. நாற்பது பிள்ளைகள் நிற்கும் வகுப்புப் படத்தில் ஒரே ஒரு பிள்ளை கண்ணை மூடியிருந்தாலும் மறுபடி எடுப்பேன். பிள்ளைகளை வெயிலில் வாட்டுகிறாள் என்று ஆசிரியைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பத்து வருஷம் கழித்து அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போது வெயிலா நினைவுக்கு வரப்போகிறது?

நான் படம் எடுத்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்று வெளியில் பேசிக்கொள்கிறார்களாம். நேற்று நீங்களும் அங்கேதான் ஆரம்பித்தீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். படம் எடுப்பது குற்றமென்றால், போன் வைத்திருக்கும் அத்தனை பேரையும் இந்த அறைக்குக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். நாற்காலி போதாது. நான் எதையும் ஒளிக்கப் போவதில்லை. முகத்தை ஒளித்துக்கொண்டு திரிந்தவள் நானில்லை. எழுதுகிறவரை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். பாதி எழுதிய பதிவேட்டைப் போல எரிச்சல் தருவது எனக்கு வேறொன்றும் கிடையாது.

அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். தலைமை ஆசிரியைகள் ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். நான் போட்ட இடத்திலேயே இருக்கிறேன். சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ், காய்ச்சல் வந்த பிள்ளை, காணாமல்போன தண்ணீர் பாட்டில் என்று எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் 'ஆபீஸ் அக்கா'. என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்ப்பேனா என்பது சந்தேகம்.

படம் எடுப்பது என் வேலையில் சேர்ந்ததில்லை. நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. விளையாட்டு நாள், கண்காட்சி, மரம் நடுவது எல்லாவற்றையும் என் சொந்தப் போனில் எடுப்பேன். எடுத்த கையோடு போன் அதை இணையத்தில் இருக்கும் படச் சேவையில் தானாக ஏற்றிவிடும். அங்கே வகுப்புவாரியாக ஆல்பம் பிரித்து, பெற்றோருக்கு இணைப்பு அனுப்புவேன்.

அந்தச் சேவைக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. முகங்களைத் தானாகவே பிரித்து அடுக்கிவிடும். ஒரு முகத்தைத் தொட்டால் போதும், அந்த முகம் இருக்கிற படமெல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும். முதல் நாள் அழுதுகொண்டு வந்த பிள்ளை, முன்பல் விழுந்த பிள்ளை, மீசை அரும்பிய பிள்ளை எல்லாம் ஒரே பிள்ளை என்று அதற்குத் தெரியும். சந்தேகம் வந்தால் மட்டும் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இருவரும் ஒருவரா?' என்று கேட்கும். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று அழுத்தினால் நன்றி சொல்லும். அத்தனை மரியாதை எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. எங்கள் பள்ளியில் நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு முகத்துக்கும் உட்கார்ந்து பெயரும் வகுப்பும் கொடுத்து வைத்திருந்தேன். ஒரே ஒரு முகம்தான் குறைந்தது.

அந்தக் குழந்தை போன வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது. பெண் குழந்தை. எந்நேரமும் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டே இருக்கும் என்பதால் வகுப்பில் அதற்குப் 'பொத்தான்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அம்மாக்காரி பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவள் அதற்கேற்றாற்போல் பல் வரிசை கட்டுவாள். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும். முப்பது வயது இருக்கலாம். கதவைத் திறந்தால் யார் வருகிறார்கள் என்று சட்டென்று திரும்பிப் பார்க்கிற சுபாவம்.

சேர்க்கைப் படிவத்தோடு படம் எடுக்கச் சம்மதம் கேட்டு ஒரு தாள் கொடுப்போம். யாரும் படிக்க மாட்டார்கள், கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார்கள். இவள் வரி வரியாகப் படித்துவிட்டு 'வேண்டாம்' என்பதில் குறி போட்டாள்.

"ஏம்மா, குழந்தை அழகாத்தானே இருக்கு?" என்று கேட்டேன்.

"அழகுக்கில்ல அக்கா. எங்க படம் எங்கயும் போகக் கூடாது. தயவுசெஞ்சு பாத்துக்குங்க."

"ஸ்கூல் ஆல்பம்தானேம்மா. பெத்தவங்க மட்டும்தான் பாப்பாங்க."

"மனுஷங்க மட்டுமா பாக்கறாங்க? ஒரு தடவை தோழி வீட்டுப் பிறந்தநாள்ல ஓரமா நின்னேன். பின்னாடி, பாதி மூஞ்சிதான் தெரிஞ்சுது. யாரோ எடுத்து, யாருக்கோ அனுப்பி, எங்கயோ ஒரு போன் அது நான்தான்னு சொல்லிடுச்சு. மறுநாளே வீட்டைக் காலி பண்ணிக் குழந்தையோட கிளம்ப வேண்டியதாப் போச்சு."

அவளாகச் சொன்னது அவ்வளவுதான். நானும் தோண்டவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். முகம் என்பது பெட்டியில் வைத்துப் பூட்டும் பொருளா? நாலு பேர் பார்க்கத்தான் அது உடம்பின் உச்சியில் இருக்கிறது. என் முகத்தைத் தெருவில் ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். நான் யாரிடமாவது கையெழுத்து வாங்கினேனா? தப்புச் செய்யாதவளுக்கு முகத்தைக் காட்ட என்ன பயம்? இது என் கருத்து. இன்றைக்கும் இதை மாற்றிக்கொள்வதாக இல்லை.

இருந்தாலும் அவள் சொன்னபடியே நடந்தேன். வகுப்புப் படம் எடுக்கும்போது பொத்தானை மட்டும் தனியாக மரத்தடியில் உட்கார வைத்தோம். அது பொத்தானைக் கடித்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. படத்தில் இரண்டாவது வரிசையில் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விழுந்துவிட்டது. நெருங்கி நில்லுங்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த இடைவெளி, பல் விழுந்த வாய் மாதிரி என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

விளையாட்டு நாள் அன்று தவளை ஓட்டப் பந்தயம். பொத்தான் முதலாவதாக வந்தது. கை தானாக எழும்பிவிட்டது, எடுத்துவிட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மாக்காரியும் அதில் விழுந்துவிட்டாள். சிரித்த முகம். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த நிமிஷம் கயிற்றைத் தாண்டி வந்து என் கையிலிருந்த போனைப் பிடித்தாள்.

"அழிங்க அக்கா. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

முன்னூறு பெற்றோர் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கிக்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். தலைமை ஆசிரியை ஓடி வந்தார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். அவர் என்ன ஏது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, எழுதிக் கொடுத்திருக்காங்க இல்ல? டிலீட் பண்ணிடுங்க. இனிமே இப்படி நடக்கக் கூடாது."

அழித்தேன். எல்லார் முன்னாலும், பிடிபட்ட பிள்ளை மாதிரி போனைத் தூக்கிக் காட்டி அழித்தேன். அவள் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டுதான் போனாள்.

அழித்த படம் உடனே செத்துப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் சேவையில் அது அறுபது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து, மதிய இடைவேளையில், நான் அதைத் திரும்ப எடுத்தேன். ஏன் ஒரு வாரம் கழித்து என்று கேட்காதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

திரும்ப எடுத்த இரண்டாவது நாள் சேவை என்னிடம் கேட்டது. இடது பக்கம் கயிற்றோரம் சிரிக்கும் அம்மாக்காரி. வலது பக்கம் ஒரு மணப்பெண். இருவரும் ஒருவரா?

மணப்பெண்ணை உற்றுப் பார்த்தேன். படம் நான் எடுத்ததுதான். எட்டு வருஷத்துக்கு முன் வெளியூரில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கல்யாணம். தங்கையோடு நானும் போனேன், கை நனைத்தேன், சும்மா இருக்க முடியாமல் நாலைந்து படமும் எடுத்தேன். பிற்பாடு தங்கை ஒரு நாள் போனில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு மருமகள் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டாளாம். அவன் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறானாம்.

'ஆம்' என்று அழுத்தினேன். நன்றி சொன்னது.

இதை நீங்கள் சரியாகப் பதிந்துகொள்ள வேண்டும். நான் துப்புத் துலக்கவில்லை, யார் பின்னாலும் போகவில்லை. அது கேட்டது, எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா?

அந்த யந்திரம் தப்பே செய்யாது என்றும் நான் சொல்லவில்லை. என் விஷயத்திலேயே ஒரு தடவை உளறியிருக்கிறது. இருபத்து மூன்று வயதில் தங்கை எடுத்த என் படம் ஒன்று, போன வருஷம் ஆசிரியைகளோடு நின்று எடுத்த படம் ஒன்று. இரண்டையும் வைத்து ஒருவரா என்றது. இரண்டாவது படத்தில் எனக்கு ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்தது. அது என் முகம் மாதிரியே இல்லை. 'இல்லை' என்று அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தேன். அதற்கும் நன்றிதான் சொன்னது.

தங்கையைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் நம்பர் வேண்டுமென்றேன். விஷயத்தையும் சொன்னேன்.

"அக்கா, இதுல நீ மூக்கை நுழைக்காத. அவன் ஒரு மாதிரி. சுவரைத் தாண்டி எங்க வீட்டுக்கே சத்தம் கேக்கும். அவ எங்கயோ நல்லா இருந்துட்டுப் போறா, விடு."

"எந்த வீட்டுலதான் சத்தம் கேக்கல?" என்றேன்.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்து தங்குவதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டாள்.

அவன் மரியாதையாகப் பேசினான். வார்த்தைக்கு வார்த்தை அக்கா. "என் பொண்ணு மூஞ்சியப் பாத்து நாலு வருஷம் ஆச்சு அக்கா. நீங்க எனக்குக் கூடப் பொறக்காத அக்கா" என்று சொல்லி அழுதான். அழுகிற ஆண்பிள்ளையை நான் எளிதில் நம்பிவிட மாட்டேன். அழுவதும் வெடிப்பதும் ஒரே வீட்டில் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆகவே, நீ தகப்பன் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டேன். குழந்தையை மடியில் வைத்திருக்கும் படம் ஒன்றை அனுப்பினான். சேவையில் போட்டேன். அன்று மாலைக்குள் அந்தக் கைக்குழந்தையைப் பொத்தானோடு சேர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நான் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

பிறகுதான் விளையாட்டு நாள் படத்தை அவனுக்கு அனுப்பினேன். பள்ளியின் பெயரைச் சொன்னேன். அவள் தினமும் மூன்றரை மணிக்குப் பக்கவாட்டுக் கேட் வழியாக வருவாள் என்றும் சொன்னேன். ஓவியக் கண்காட்சி அன்று வந்தால் நல்லது, கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வரலாம் என்பதும் என் யோசனைதான். அவன் கேட்கவில்லை.

குழந்தையின் கோப்பில் நீதிமன்ற உத்தரவு இருந்ததா என்று இரண்டு தடவை கேட்டீர்கள். இருந்தது. நான்தான் துளை போட்டுக் கோர்த்தேன். அவன் அவளையோ குழந்தையையோ நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று எழுதியிருந்தது. கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டுகளின் நகல். மணிக்கட்டு எலும்பு ஒரு தடவை, விலா எலும்பு இரண்டு தடவை, தேதியோடு. படித்தேனா என்றால், படித்தேன். கோர்க்கிற காகிதத்தை எல்லாம் படிப்பேன், அது என் வேலை. ஆனால் காகிதம் ஒரு பக்கத்துப் பேச்சைத்தான் பேசும். அந்த வீட்டில் அவள் எப்படி இருந்தாள், என்ன வாய் பேசினாள் என்று அதில் எங்கே எழுதியிருந்தது?

அவள் மேல் உனக்கு அப்படி என்ன பகை என்று நேற்று சலித்துக்கொண்டீர்கள். பகை இல்லை. விளையாட்டு நாளில் என் மானத்தை வாங்கியதற்காக என்று உங்கள் ஆட்கள் எழுதிவிட்டார்கள். அதற்காக இல்லை. அதை நான் அன்றைக்கே மென்று விழுங்கிவிட்டேன். விழுங்குவது எனக்குப் பழக்கம்.

ஒரு வாரம் கழித்து அவளே என் அறைக்கு வந்தாள். நான் மட்டும் இருந்தேன்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது தப்பு அக்கா. பயத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"பரவால்லம்மா" என்றேன்.

போவாள் என்று பார்த்தால், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தாள். தொழில் புத்தி. "முன்னாடி ரெண்டும் கட்டின பல்லா அக்கா? பேசும்போது ஆடுது. கழட்டிக் கொடுங்க, மதியத்துக்குள்ள இறுக்கிக் கொண்டாந்து தரேன்."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எப்படிப் போச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

"எத்தனை தடவை விழுந்தீங்க?"

மேசைமேல் இருந்த என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மாவு ஒட்டிய கை, சொரசொரவென்று இருந்தது. "நானும் அப்படித்தான் விழுந்துட்டே இருந்தேன். உங்க மூஞ்சியப் பாத்த முதல் நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு அக்கா. எப்ப வேணும்னாலும் எங்க வீட்டுக்கு வாங்க. ஒரே ரூம்தான். மூணு பேர் தாராளமாப் படுக்கலாம்."

யார் இவளைக் கேட்டது? இருபத்திரண்டு வருஷமாக ஐந்து தலைமை ஆசிரியைகளும் அத்தனை ஆசிரியைகளும் தினம் இந்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பெயர் நாகரிகம். தன் முகத்தை எவரும் பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று ஊரைக் கூட்டியவள், என் முகத்தைப் பார்த்த முதல் நாளே படித்துவிட்டாளாம். என்னிடம் எந்தச் சம்மதத் தாளில் கையெழுத்து வாங்கினாள்?

அன்று மதியம்தான் குப்பைத்தொட்டியைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் கோபக்காரர்தான். ஆனால் காரணம் இல்லாமல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. முப்பத்தொரு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து வெளியூர் போய்விட்டார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை வருவார்கள், படம் எடுப்பேன், போய்விடுவார்கள். இருக்க முடிந்தவள் இருக்கிறாள். நான்கு வருஷம் தாக்குப்பிடிக்கத் தெரியாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவள் எனக்கு இடம் கொடுக்கிறாளாம்.

கண்காட்சி அன்று மூன்று மணிக்கு அவன் வந்தான். துவைத்து மடித்த சட்டை, வகிடெடுத்து வாரிய தலை. பார்வையாளர் சீட்டை என் கையால் எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் 'தந்தை' என்று போட்டேன். உண்மைதானே. எதிரில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மடியில் ஒரு பை வைத்திருந்தான். பையில் என்ன என்று நான் கேட்கவில்லை. வருகிறவர்கள் பையைத் துழாவுவது என் வழக்கமில்லை. வீட்டில் புழங்கும் சாமான்தான் என்று பிறகு நீங்கள் சொன்னீர்கள்.

மூன்றரைக்கு அவள் பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் வந்தாள். பொத்தான் எதையோ வரைந்து சுருட்டி வைத்திருந்தது. அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். அவள் கத்தவில்லை. குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, என் மேசையைச் சுற்றி ஓடி, உள்ளே இருக்கும் பதிவேட்டு அறைக்குள் புகுந்து தாழ்போட்டுக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அறை. பழைய கோப்புகள் மட்டும்தான் இருக்கும். அவளுடைய பையும் போனும் தாழ்வாரத்திலேயே விழுந்து கிடந்தன.

அரங்கத்தில் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஆசிரியை அங்கே முன்வரிசையில் இருந்தார். இந்தப் பக்கம் நாங்கள் மட்டும்தான். அவன் போய்க் கதவைத் தட்டினான். உதைக்கவில்லை, விரல் மடித்துத்தான் தட்டினான். "வெளிய வா, பேசலாம்" என்றான். உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பையைத் திறந்து, கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றுகொண்டான்.

பையிலிருந்து எடுத்ததை நான் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன்.

இதற்குப் பிறகு நடந்ததில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். தாழ்ப்பாள் பழசு, ஒரு உதையில் கழன்றிருக்கும் என்று தலைமை ஆசிரியை எழுதிக் கொடுத்திருக்கிறார். பாவம், என்னைக் காப்பாற்றுவதாக நினைப்பு. தான் கெஞ்சியதும் அவளே மனம் இளகித் திறந்தாள் என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். தாழ்ப்பாளில் ஒரு கீறல்கூட இல்லை என்று நீங்கள் படம் எடுத்து வந்து காட்டுகிறீர்கள். பொத்தானைக் கேட்கலாம் என்றால், அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்த நாள் முதல் அது யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். அம்மாக்காரி ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாள். ஆக, சொல்ல நான்தான் மிச்சம். என் கை பட்ட பதிவு எதிலும் தப்பு இருந்ததில்லை. இதிலும் இருக்கக் கூடாது.

உள்ளேயிருந்து அவள் மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா... வெளிய இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றேன்.

"போலீசுக்குப் போன் பண்ணுங்க அக்கா. யாரையாவது கூப்பிடுங்க. அவர் இன்னும் இருக்காரா?"

என் மேசையில் தொலைபேசி இருந்தது. எட்டித் தொடும் தூரம். அரங்கத்துக்கு இருபது அடி நடந்தால் முன்னூறு பேர். அவன் என்னை மிரட்டவில்லை. என் பக்கம் கையைக்கூட நீட்டவில்லை. நான் என்ன சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பயத்தில் சொல்லிவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள். எனக்குப் பயம் இல்லை. எழுந்து கதவுப் பக்கத்தில் போய் நின்றேன். அவளுக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று மரத்தில் வாயை வைத்துச் சொன்னேன்.

"அவர் போயிட்டாரும்மா. நான் மட்டும்தான் இருக்கேன். கதவத் திற."

தாழ்ப்பாளை நகர்த்தும்போது அவள் "அக்கா" என்று இன்னொரு தடவை சொன்னாள். நான் ஒதுங்கி வழி விட்டேன்.

அவன் இப்படிச் செய்வான் என்று தெரிந்தா சொன்னாய் என்று கேட்கிறீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான் என்றுதான் சொன்னேன். அடி விழுந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. விழுந்தால் என்ன, செத்தா போய்விடுவார்கள்? நாலு நாளில் வீக்கம் வடிந்துவிடும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, சமைத்துப் போட்டுக்கொண்டு, அவளும் எல்லாரையும் போல இருந்திருப்பாள். இருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் என்னைப் பார்க்கட்டும். நீங்களே பாருங்கள் மேடம், விளக்கை இப்படித் திருப்பி நன்றாகவே பாருங்கள். எனக்கு என்ன குறை?